நாலு நாள் இருட்டு

1

இந்தக் கதை ஒரு சாதாரணக் கேள்வியிலிருந்து பிறந்தது. 1993ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் தூத்துக்குடியில் ஒரு பெண் கேட்டாள்: "வீட்டுல மீன் தொட்டி வச்சிருக்கோம். பாசி புடிச்சுப்போச்சு, என்ன செஞ்சாலும் போகமாட்டேங்கு. என்ன செய்யலாம்?" அவ்வளவுதான் கேள்வி. இதில் என்ன கதை இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். நானும் அப்படிக் கேட்டுக்கொண்டே ஆறு வருஷம் இதை எழுதாமல் காலம் தள்ளினேன்.

எழுத உட்காரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மேசை இழுப்பறையில் இந்தக் கதைக்கு ஒன்பது தொடக்கங்கள் கிடக்கின்றன. மூன்றை மட்டும் காட்டுகிறேன். மற்றவை இவற்றைவிட மோசம்.

முதலாவது: "முத்துக் குளித்த கடல் அது. பாண்டியன் காலத்திலிருந்து..." [இங்கேயே நிறுத்திவிட்டேன். தூத்துக்குடி என்றதும் முத்தைக் கையில் எடுத்துக்கொள்வது எழுதுகிறவர்களின் வியாதி. இந்தக் கதையில் வருகிற யாரும் சிப்பியைத் திறந்து முத்தைக் கண்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கடல் என்றால் தோணி, வெங்காய மூட்டை, காத்திருப்பு.]

இரண்டாவது: "பாசி என்பது வேரும் பூவும் இல்லாத, ஒளியைக்கொண்டு தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்கிற..." [பாடப்புத்தகம் பேசுகிறது. அடித்துவிட்டேன்.]

மூன்றாவது: "தொட்டியின் விளக்கு நாலரை மாதமாக எரிந்துகொண்டிருந்தது." இதை வைத்துக்கொள்கிறேன். இதில் நான் சேர்த்தது எதுவும் இல்லை.

2

தொட்டியின் விளக்கு நாலரை மாதமாக எரிந்துகொண்டிருந்தது. கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்னறையும் ஒரு உள்ளறையும் குசினியுமாகச் சின்ன வீடு. முன்னறைச் சுவரில் மாதா படம். படத்துக்குக் கீழே மேசை, மேசைமேல் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. தொட்டியின் மூடிக்குள் ஒரு குழல் விளக்கு. நல்ல வெயில் அடிக்கிற மதியத்திலும் அது எரியும். அதற்கு எதிரே நாற்காலி போட்டு, கையில் செபமாலையோடு ஞானசௌந்தரி உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மருமகள் பிளாரன்ஸ் வேலைக்குப் புறப்படும்போது ஒரு தரமும், திரும்பி வந்ததும் ஒரு தரமும் தொட்டியைப் பார்ப்பாள்.

பிளாரன்ஸுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவள் புருஷன் வளன், தோணியில் இன்ஜின் டிரைவர். வெங்காயமும் கூரை ஓடும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிற மரத்தோணி அது. அங்கே ஒரு வியாபாரி வீட்டில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தவன், தொண்ணூற்றிரண்டு ஆகஸ்டில் தானும் ஒன்று வாங்கி வந்து மேசைமேல் வைத்தான். பொன்மீன் இரண்டு, கறுப்பு மோலி நாலு, கண்ணாடியை வாயால் கவ்விக்கொண்டு கிடக்கிற சக்கர் மீன் ஒன்று. வருஷம் முழுக்கக் கடலில் கிடக்கிறவனுக்கு வீட்டிலும் தண்ணீரா என்று தெருவில் கேலி செய்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் பாசி ஏன் வந்தது என்று உங்களுக்கு விளங்காது.

அந்த வீட்டில், தோணியில் போகிற ஆண் புறப்படுகிற அன்று மாதா படத்துக்கு முன்னால் தன் கையால் விளக்கு ஏற்றிவிட்டுப் போக வேண்டும்.* வீட்டில் இருக்கிறவர்கள் எண்ணெய் ஊற்றலாம், திரியைத் தூண்டலாம், காற்றில் அணைந்துபோனால் திரும்ப ஏற்றலாம். அணைக்க மட்டும் கூடாது. ஏற்றினவன் திரும்பி வந்து அவன்தான் அணைக்க வேண்டும். ஞானசௌந்தரி தன் புருஷனுக்காக இருபத்தாறு வருஷம் அப்படி விளக்கைக் காத்தவள். அவர் கடைசியில் கட்டிலில் படுத்து, காய்ச்சலில்தான் போனார். ஆகவே விளக்கின்மேல் அவளுக்கு நம்பிக்கை அசையவில்லை.

* இந்த வழக்கம் அந்தத் தெருவுக்கே உண்டா, அந்த வீட்டுக்கு மட்டும் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் ஆழ்வார்திருநகரிக்காரன். பெருமாள் சந்நிதியில் எத்தனை விளக்கு என்று கேளுங்கள், சொல்கிறேன். மற்றதெல்லாம் கேட்டு எழுதுவதுதான்.

வயதாகி ஞானசௌந்தரிக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. ஒரு நாள் எண்ணெய் ஊற்றப்போய் மேசைத்துணி கருகியது. பிளாரன்ஸும் பகலில் வீட்டில் இல்லை. இதையெல்லாம் யோசித்துத்தான் வளன், இனிமேல் எண்ணெய் விளக்கு வேண்டாம், தொட்டி விளக்கே போதும், அதுவும் மாதா காலடியில்தானே எரிகிறது என்றான். அம்மாக்காரி இரண்டு நாள் முணுமுணுத்தாள். "மாதாவுக்கு எண்ண வெளிச்சம் வேற, கரண்டு வெளிச்சம் வேறயாம்மா?" என்று அவன் கேட்ட பிறகு விட்டுவிட்டாள். செப்டம்பரில் அவன் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனான். சொன்ன நாளில் வந்து அவனே அணைத்தான். அக்டோபரிலும் அப்படியே. அதற்குப் பிறகு ஞானசௌந்தரி, எங்கள் வீட்டில் கரண்டு விளக்குத்தான் என்று தெருவில் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் பத்தாம் தேதி மூன்றாவது தரமாகச் சுவிட்சைப் போட்டான். பொன்மீன்களில் பெரியதற்கு அவன் சம்மாட்டி என்று பேர் வைத்திருந்தான். தோணி முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தின்பதும் மிதப்பதும் தவிர வேறு வேலை இல்லாததால் அந்தப் பேர். கண்ணாடியில் விரலால் தட்டி அதனிடம் விடைபெற்றுக்கொண்டு, பிளாரன்ஸிடம் சொன்னான்: "சம்மாட்டியப் பட்டினி போட்டுராத. நான் வாரதுக்குள்ள எளைச்சிருக்கக் கூடாது."

பதின்மூன்றாம் தேதி புயல். ஊரில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஒதுங்கி நின்ற தோணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வளன் போன தோணி திரும்பவில்லை. எட்டுப் பேர். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. [இங்கே கடலைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பிளாரன்ஸ் கடலைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நான் மட்டும் ஏன் பேச வேண்டும்?]

நாலாம் நாள் மின்சாரம் வந்தபோது தொட்டி விளக்கு தானாக எரிந்தது. ஞானசௌந்தரி அதைப் பார்த்து அழுதாள், அழுகையோடு சிரித்தாள். "ஏளா, நாம அணைக்கல. கரண்டு போச்சு, வந்துச்சு. அவன் போட்டது போட்டபடியே கெடக்கு" என்றாள். அன்றைக்கே பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்துச் சுவிட்சின்மேல் ஒட்டி, அதன்மேல் பேனாவால் சிலுவைக் குறி போட்டாள். யாரும் தெரியாத்தனமாகக் கூட அதில் கை வைத்துவிடக் கூடாது.

அந்த மூன்று நாளும் மாதா முன்னால் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வைக்கக்கூடத் தனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் பிளாரன்ஸ் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற கூரைக்கடியில் பாத்திரம் வைப்பதும் எடுப்பதுமாக நாள் போய்விட்டது. மாமியார் அதைக் கேட்டிருந்தால் தேவலை. கேட்கவில்லை. அதனால் அந்தக் குற்றம் அவளிடமே தங்கிவிட்டது.

3

இனி பாசி.

ஜனவரியில் கண்ணாடியின் உள்பக்கம் தடவினால் வழுக்குகிற அளவுக்கு லேசாகப் பச்சை. பொங்கல் கழிந்து அது தடித்தது. பிப்ரவரியில் கூழாங்கற்களின்மேல் பச்சை மயிர் முளைத்தது. மார்ச்சில் தண்ணீரே கீரை வேகவைத்த தண்ணீர் ஆகிவிட்டது. மீன்கள் கண்ணாடியை ஒட்டி வந்தால்தான் தெரியும்.

பிளாரன்ஸ் சும்மா இருக்கவில்லை. பிளேடால் சுரண்டினாள். ஆறு நாளில் திரும்ப வந்தது. தோணியின் அடிப்பக்கத்தைச் சுரண்ட வளன் வைத்திருந்த இரும்புச் சுரண்டி குசினி மூலையில் கிடந்தது, அதை எடுத்துப் பலம்கொண்டமட்டும் சுரண்டினாள். கண்ணாடி முழுக்கக் கீறல் விழுந்தது. அந்தக் கீறல்களுக்குள் பாசி இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டி, உப்புக்கு மிஞ்சின மருந்து கிடையாது என்று சொல்லி ஒரு பொட்டலம் கல்லுப்பு கொடுத்தான். உப்பில் மோலிகள் சுறுசுறுப்பாயின. தொட்டிச் செடிகள் அழுகின. சக்கர் மீன் இரண்டாம் நாள் வயிற்றைக் காட்டி மிதந்தது. பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீரை மாற்றலாம் என்றால், குழாயில் தண்ணீர் வருவதே நாலு நாளைக்கு ஒரு தரம். பாதித் தொட்டிக்கு நாலு குடம் வேண்டும். வரிசையில் நிற்கிற பெண்கள் எதிரே எதுவும் சொல்லமாட்டார்கள். அவளுக்கு நேர்ந்தது தெரியும். ஆனால் மீனுக்கு நாலு குடமா என்று அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

மார்ச் முடிவில் மூன்று மீன்கள்தான் மிச்சம். இரண்டு மோலி, சம்மாட்டி. மின்சாரம் போய்க் காற்று மோட்டார் நிற்கிற நேரங்களில் மூன்றும் மேலே வந்து வாயைப் பிளக்கும். சம்மாட்டியின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. போடுகிற தீனி அதன் கண்ணுக்கே தெரியாமல் பச்சைக்குள் மூழ்கிப்போகும்.

பிளாரன்ஸின் கஷ்டத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கும் வளன் விட்டுப்போனது, அந்த மீனும் அவன் விட்டுப்போனது. விளக்கை அணைக்கக் கூடாது. மீனைச் சாகவிடக் கூடாது. அவளுக்கு அதுவரை தெரியாத ஒன்று, அந்த விளக்குத்தான் அந்த மீனைக் கொன்றுகொண்டிருக்கிறது என்பது. அதை ஒருவன் அவளுக்குச் சொன்னான்.

4

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை பிளாரன்ஸ் மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெயர் கிருபாநிதி. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், காதில் சொருகிய பென்சில். தொட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர், "வாங்கம்மா" என்று...

[நிறுத்துகிறேன். ஐந்து பிரதிகளில் இந்தக் கிருபாநிதியை இழுத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பிரதியிலும் அவருக்கு ஏதாவது கூடிக்கொண்டே போனது. வெற்றிலை, பென்சில், ஒரு பிரதியில் விந்திவிந்தி நடக்கிற கால். பொய் சொல்கிறவன்தான் இவ்வளவு விவரம் கொடுப்பான். அப்படி ஒரு கடைக்காரர் கிடையாது. பிளாரன்ஸ் கடைக்குப் போகவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.]

5

என் பெயர் வரது. அந்த வருஷம் ஜனவரியில் வேறொரு ஊரிலிருந்து அந்தக் கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்துக்கு டெமான்ஸ்ட்ரேட்டராக வந்து சேர்ந்தேன். பாசியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மாணவர்களுக்கு நுண்நோக்கியில் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. பாசி என்றால் வரது சாரைக் கேளுங்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மதியம், டைப் அடித்த கேள்வித்தாளைக் கொடுக்க வந்தவள் அப்படியே நின்று கேட்டாள்.

அவள் கழுத்தில் தாலிச் சங்கிலி இருந்தது, கையில் வளையல் இருந்தது, பூப்போட்ட புடவை கட்டியிருந்தாள். வீட்டுக்காரர் தோணியில் இருக்கிறார் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. மூன்று மாதம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும் விசாரிக்காமல் இருந்தவன் நான்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் லைட் எரியறது?" என்று கேட்டேன்.

"நாள் பூரா சார்."

"ராத்திரியும்?"

"ஆமா சார்."

நான் சிரித்தேன். நன்றாக, வாய்விட்டு. "யாரு வருவாங்கன்னு இப்படி வெளிச்சம் போட்டு வச்சிருக்கீங்க?" என்றேன்.

அவள் முகத்தில் என்ன தெரிந்தது என்று எழுத ஆசை. ஆனால் நான் பார்க்கவில்லை. நான் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். கேட்கிறவர் கிடைத்தால் விடமாட்டேன், அது என் சுபாவம். வெளிச்சம்தான் பாசிக்குச் சாப்பாடு, நீங்கள் சுரண்டுவது ஒரு பக்கம், விளக்கு ஊட்டி வளர்ப்பது ஒரு பக்கம் என்று கால்மணி நேரம் பேசினேன். நாலு நாள் விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி வைக்கச் சொன்னேன். காற்று மோட்டார் மட்டும் ஓடட்டும், ஐந்தாம் நாள் திறந்தால் பாசி செத்துக் கிடக்கும், செய்யாவிட்டால் மீன் ஒன்றுகூட மிஞ்சாது என்றேன்.

"அணைக்காம வேற வழி இல்லையா சார்?"

"இல்லவே இல்லை" என்றேன்.

கையிலிருந்த தாளை ஒழுங்காக அடுக்கி என் மேசைமேல் வைத்துவிட்டு அவள் போனாள்.

அடுத்த வாரம் திங்கள் முதல் வியாழன்வரை நாலு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை'. வெள்ளி எப்படியும் விடுமுறை, அது கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம். அதற்கடுத்த திங்களன்று வந்தாள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"தண்ணி தெளிஞ்சிருச்சு சார்."

"மீன்?"

"மூணும் இருக்கு." புறப்படப்போனவள் திரும்பி, "ரொம்ப நன்றி சார்" என்றாள்.

பார்த்தீர்களா, நான்தான் சொன்னேனே என்று அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன். அன்று சாயந்தரம் வீட்டுக்குப் புறப்படும்போது, ஒரு பாசியை ஜெயித்த கதையைத் தலைமை எழுத்தர் ராமரிடம் பெருமையாகச் சொன்னேன். ராமர் சைக்கிள் பூட்டைத் திறக்காமல் என்னையே பார்த்தார். "அந்தப் புள்ள வீட்டுக்காரரு போன தோணி வரலயே சார். நவம்பர்லருந்து இல்ல. உங்களுக்கு யாரும் சொல்லலயா?" என்றார்.

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

6

அப்புறம் ஐந்து மாதம் நான் அலுவலக வாசல் பக்கமே போகாமல் இருந்தேன். செப்டம்பரில் தேர்வுப் பட்டியல் அடிக்க வேறு வழியில்லாமல் போய் எதிரே உட்கார்ந்தபோது, அவளே பேசினாள். விளக்கு வழக்கம், சம்மாட்டி, செல்லப்பாண்டியின் உப்பு, பிளாஸ்திரி எல்லாவற்றையும், பட்டியலில் பெயர்களை அடித்துக்கொண்டே, வேறு யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். இதுவரை நீங்கள் படித்த இரண்டாம், மூன்றாம் பகுதிகள் அவள் சொன்னவை. அவளுக்குள் நடந்ததாக எழுதியிருப்பதில் பாதி அவள் சொன்னது, பாதி நான் ஊகித்தது.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சுவிட்சை அணைத்தது யார் என்பதை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நீங்க சரியாத்தானே சார் சொன்னீங்க" என்று முடித்துவிட்டாள். அதற்குமேல் எப்படிக் கேட்பது? அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஆகவே முடிவை நான்தான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தவை இவை.

முதல் முடிவு. பெரிய வாரத்துத் திங்கள், காலை. மாமியார் பூசைக்குப் போயிருக்கிறாள். பிளாரன்ஸ் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். பிளாஸ்திரியின் ஓரம் தூசு பிடித்துக் கறுத்திருக்கிறது. நகத்தால் ஓரத்தை நிமிண்டுகிறாள். அது வரவில்லை. ஈரத்துணியால் நனைத்து மெல்ல உரிக்கிறாள். சிலுவைக் குறி பாதியாகக் கிழிகிறது. விரலைச் சுவிட்சின்மேல் வைத்து, கண்ணை மூடி, அவள்

[இதற்குமேல் போகவில்லை. அவள் ஒருத்தியாக அணைத்தால், மகனுக்காகச் செபித்துவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஞானசௌந்தரியை நான் உள்ளே கூட்டி வர வேண்டும். இருட்டாகக் கிடக்கிற தொட்டியை அவளுக்குக் காட்ட வேண்டும். என்னால் ஆகாது.]

இரண்டாவது முடிவு. இதில் ஞானசௌந்தரியே எழுந்து வருகிறாள். மீன் வாயைப் பிளப்பதை நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து பார்த்தவள் அவள்தானே. பெரிய வாரத்தில் கோயிலில் சுரூபங்களை, அதாவது சிலைகளையெல்லாம், ஊதாத் துணி போட்டு மூடிவிடுவார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். அதை வைத்து அவளைப் பேசவைத்தேன்: "கோயில்ல சுரூபத்தை மூடுதாங்கல்லா. மூடினா இல்லைன்னு ஆயிருமா? அவன் மீனு சாகக் கூடாது ஏளா. நீ தள்ளு, நான் அணைக்கேன்." அவளே பிளாஸ்திரியை உரிக்கிறாள். அணைக்கிறாள்.

இதை எழுதியபோது நான் அழுதேன். அழுததாலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தாய் இவ்வளவு பதமாகச் சம்மதித்தால் நிம்மதி யாருக்கு? எனக்குத்தான். இதில் இன்னொரு சறுக்கலும் உண்டு. ஈஸ்டர் ஞாயிறன்று துணியை எடுத்ததாக எழுதினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று பேனா அரித்தது. ஆனால் நான் சொன்ன கணக்குப்படி ஐந்தாம் நாள் என்பது வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாடுகளின் நாள். தெளிந்த தண்ணீரை அவர்கள் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள். தண்ணீர் தெளிந்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரியும். வேறென்ன தெரியப்போகிறது?

மூன்றாவது முடிவு. இது போன மாதம் தோன்றியது. குளித்துக்கொண்டிருந்தபோது. விளக்கை அணைக்கவே தேவையில்லை. மூடியைத் தூக்கி, விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தகரத் தட்டை வைத்து, சுற்றிலும் துணியைக் கட்டியிருந்தால் போதும். மேலே விளக்கு எரியும், கீழே தண்ணீர் இருட்டாக இருக்கும். பாசி சாகும், மீன் பிழைக்கும், சுவிட்சில் ஒட்டியது ஒட்டியபடி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நிமிர்ந்து பார்த்தால் மகன் போட்ட வெளிச்சம் அங்கேயே இருக்கும். வேறு வழி இல்லையா சார் என்று அவள் கேட்டாள். இருந்தது. ஒரு பழைய பிஸ்கட் டின்னை வெட்டினால் போதும். எனக்கு அன்று தோன்றவில்லை. தெரியாது, யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். இல்லவே இல்லை என்றேன். ஈரத்தலையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கதையில் இப்போதும் அந்தத் தகரத்தை வைக்கலாம்தான். நல்லவனாக ஒருவன், வேண்டுமானால் கிருபாநிதி, அதை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழையலாம். எழுதினேன். நாலு வரி நன்றாகவே வந்தது. ஆனால் நாலு நாள் லீவுக் கடிதம் என் கண்ணால் பார்த்தது. அணைத்தார்கள். யாரோ ஒருவர் அணைத்தார். தகரத்தை வைத்து எழுதினால், அந்த நாலு நாளும் அந்த இரண்டு பெண்களும் மூடிய தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்ததை நான் இல்லையென்று சொன்னதாகும்.

7

முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் தருகிறேன்.

திங்கட்கிழமை, காலை பத்து மணி. கதவு திறந்துதான் இருக்கிறது, நீங்கள் உள்ளே போகலாம். தொட்டிக்குள் ஒன்றும் தெரியாது, சம்மாட்டி கண்ணாடியை ஒட்டி வரும்போது மட்டும் கொஞ்சம் மஞ்சள் தெரியும். பிளாரன்ஸ் லீவு போட்டிருக்கிறாள். தன்னுடைய கறுப்புப் பாவாடை ஒன்றைப் பிரித்து, இரண்டு மடிப்பாகத் தைத்துத் துணியைத் தயார் செய்துவிட்டாள், கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஞானசௌந்தரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அணைக்காவிட்டால் அவன் வளர்த்த மீன் சாகும். அணைத்தால், அவன் வந்து அணைப்பதற்கு அந்த வீட்டில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

யார் கை என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அணைக்கவே வேண்டாம் என்றும் எழுதலாம், அதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. வெளியாளான உங்களுக்கு இது எளிது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நானும் வெளியாளாக இருந்துதான் சொன்னேன். எனக்கு அன்று அவர்களைத் தெரியாது. உங்களுக்கு இப்போது இரண்டு பேரையும் தெரியும். எதைச் சொன்னாலும், என்னைப் போலச் சிரித்துக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.